அட்டையில் 18 மீட்டர்தான், கைடு 30 வரை கூட்டிப்போகிறேன் என்கிறார். போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஸ்கூபா டைவிங்கில் முதல்நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி ஏழு டைவ் முடித்திருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் அட்டையில் ஆழ வரம்பு 18 மீட்டர். அடுத்த மாதம் நண்பர்களோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறீர்கள். அங்கே 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு பாறைத்திட்டுக்குக் கூட்டிப்போவதாகக் கைடு சொல்லியிருக்கிறார். “அட்டையில 18னு இருந்தா என்ன, நான் கூடவே இருப்பேன்ல” என்றாராம். அந்த 18 மீட்டர் சட்டமா, தாண்டினால் உண்மையிலேயே ஆபத்தா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, அப்புறம் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டமா என்றால், பெரும்பாலான நாடுகளில் இல்லை. அது பயிற்சி நிறுவனங்கள் வைத்த வரம்பு. பிஏடிஐ, எஸ்எஸ்ஐ இரண்டும் முதல்நிலை டைவருக்கு 18 மீட்டர் என்கின்றன. சிமாஸ் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் ஒரு நட்சத்திர டைவருக்கும் பிரிட்டனின் பிஎஸ்ஏசி ஓஷன் டைவருக்கும் 20. ஐஎஸ்ஓ தரநிலையும் 20 என்றுதான் சொல்கிறது. கூடவே, பயிற்சி எடுத்த சூழலுக்கு ஒத்த சூழலில்தான் இறங்கலாம் என்றும் ஒரு நிபந்தனை போடுகிறது. இந்த இரண்டாவது பாதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நீரோட்டமே இல்லாத குளம்போன்ற இடத்தில் பழகியவர், நீரோட்டம் இழுக்கும் திட்டில் 15 மீட்டரில் இருந்தாலும் தன் பயிற்சியைத் தாண்டித்தான் இருக்கிறார். அடுத்த நிலைப் பயிற்சிக்கு 30 மீட்டர், ஆழ டைவிங்குக்கென்று தனிப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்கு டைவிங் அதோடு முடிகிறது. மாலத்தீவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: 30 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே வரும் வழியில் கட்டாயம் நிறுத்தி நிறுத்தி வரவேண்டிய டைவும் கூடாது.

18க்கும் 20க்கும் நடுவில் மனித உடம்பு மாறிவிடுவதில்லை. அப்படியானால் இதெல்லாம் சும்மா போட்ட எண்தானே என்று தோன்றும். சில எண்கள் வந்த கதையைக் கேட்டால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். நிமிடத்துக்கு 60 அடி, அதாவது 18 மீட்டர் வேகத்தில் மேலே வரலாம் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். 1950களில் அமெரிக்கக் கடற்படையில் நடந்த பேரத்தில் பிறந்த எண் அது. டக்ளஸ் ஃபேன் என்ற அதிகாரிக்குத் தன் நீரடி வீரர்கள் நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் வரவேண்டும். கனமான உலோகத் தலைக்கவசம் போட்டுக் கயிற்றைப் பிடித்து ஏறுகிறவர்களோ 10 அடிக்கு மேல் முடியாது என்றார்கள். கடைசியில் 60 அடியில் ஒத்துப்போனார்கள். விநாடிக்கு ஓர் அடி, எண்ணவும் வசதி. இன்று அதைப் பாதியாக்கி நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர் என்கிறோம்.

ஆனால் வரம்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் பேரம். வரம்பு என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதில் பேரம் கிடையாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கடல் ஒரு பார் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மேலே 1 பார், 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. அந்த அழுத்தத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மூச்சிலும் அத்தனை மடங்கு காற்று சிலிண்டரிலிருந்து போகிறது. நைட்ரஜன் உடம்பில் கரையும் வேகமும் கூடுகிறது. பிஏடிஐயின் பழைய அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர வேண்டுமென்றால் 18 மீட்டரில் 56 நிமிடம்வரை இருக்கலாம், 30 மீட்டரில் 20, 40 மீட்டரில் 9. இறங்கும் நேரமும் இதற்குள் அடக்கம். 40 மீட்டருக்கு இறங்கி, மூச்சை நிதானப்படுத்தி, சுற்றும்முற்றும் பார்ப்பதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

30 மீட்டர் வாக்கில் நைட்ரஜன் போதையும் வேலையைக் காட்டும். பத்து மீட்டருக்கு ஒரு மார்ட்டினி என்று வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள், நம் ஆட்கள் பெக் கணக்கில் சொல்வார்கள். இந்தப் போதையில் பெரிய மயக்கமெல்லாம் வராது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜைப் பார்ப்பீர்கள், முள் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் மண்டையில் ஏறாது.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது காற்றின் அடர்த்தி. கவின் ஆண்டனி, சைமன் மிட்செல் என்ற இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுவாசிக்கும் வாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது. சாதாரணக் காற்று 31 மீட்டரில் முதல் எண்ணைத் தொடுகிறது, சுமார் 39 மீட்டரில் இரண்டாவதை. எப்போதோ யாரோ வைத்த 30, 40 என்ற எண்களுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பதைப் பாருங்கள். அடர்ந்த காற்றை இழுத்துவிடுவதே வேலையாகிவிடுகிறது. அதோடு நீரோட்டத்தை எதிர்த்துக் காலில் மாட்டிய ஃபின் துடுப்பை அடித்தால் கரியமிலவாயு உள்ளேயே தங்கும். சிலிண்டரில் பாதி இருக்கும்போதே மூச்சு போதவில்லை என்று நெஞ்சு கத்த ஆரம்பிக்கும். வாயில் கடித்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் நன்றாக வேலை செய்யும்போதே அதைத் துப்பிவிட்டு மேல்நோக்கிப் பாய்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உள்ளிருப்பவருக்கு அந்த நொடியில் அதுதான் ஒரே வழி.

இனிக் கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிலில் எனக்கு முக்கியமான இடம் இது.

வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். புதியவர்களுக்கு இன்னும் கூடும். 10 மீட்டரில் 40 லிட்டர், ஆக 55 நிமிடம். 18 மீட்டரில் 56 லிட்டர், 39 நிமிடம். 30 மீட்டரில் 80 லிட்டர், 27 நிமிடம். எல்லாம் சிலிண்டரை வழித்துத் துடைக்கும்வரையான கணக்கு.

இப்போது 30 மீட்டரில் உங்கள் கூட்டாளிக்குக் காற்று நின்றுவிட்டது. உங்கள் ஆக்டோபஸை, அதாவது உங்கள் சிலிண்டரோடு இணைந்த உதிரி ரெகுலேட்டரை, வாங்கிக் கடித்துக்கொள்கிறார். இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் இழுப்பீர்கள், சேர்த்து 60. கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்து, கிளம்புவதற்கு ஒரு நிமிடம்: 60ஐ 4 பாரால் பெருக்க 240 லிட்டர். 30இலிருந்து 5 மீட்டருக்கு வர ஏறக்குறைய 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார்: 495 லிட்டர். கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் நிற்கும் சேஃப்டி ஸ்டாப் 3 நிமிடம்: 270. அங்கிருந்து மேலே வர ஒரு நிமிடம்: 75. கூட்டினால் 1,080 லிட்டர். 11ஆல் வகுத்தால் 98 பார்.

சிலிண்டரில் பாதி! அதாவது 30 மீட்டரில் கேஜ் 100 பாரைக் காட்டும்போது நீங்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். படகில் சொல்லும் “50 பார் மிச்சம் வெச்சு மேல வாங்க” என்பது 18 மீட்டருக்கு ஓரளவு சரிதான். அங்கிருந்து சேஃப்டி ஸ்டாப் இல்லாமல் இருவரும் மேலே வர 36 பார் போதும், ஸ்டாப்போடு என்றால் 64 பார். 30 மீட்டருக்கு அந்த வாக்கியம் பொருந்தவே பொருந்தாது. உங்கள் அட்டையில் இருக்கும் 18 என்ற எண்ணை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். முதல்நிலைப் பயிற்சியில் இதைச் சொல்லித்தருவதில்லை. அது தெரியாதவர் தெரியாமலேயே பிழைத்து வரக்கூடிய ஆழத்தோடு நிறுத்திவைக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கேட்டிருப்பீர்கள். கயிற்றை விட்டால் அறுவது அவனுடைய கூடப்பிறந்தவளின் தாலி என்பதால் விடமாட்டானாம். அந்தக் கயிறு இருக்கும் இடத்தில்தான் நமக்குச் சிலிண்டரின் மீதிப் பாதி இருக்கிறது. அதை நீங்கள் பவளத்தைப் படம் எடுத்துக்கொண்டே தீர்த்துவிட்டால், பக்கத்தில் நீந்துகிறவருக்கு நீங்கள் துணை இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். அவரும் அப்படியே.

இதையெல்லாம் நான் நல்ல பிள்ளையாக இருந்து கற்றுக்கொள்ளவில்லை. இருபது டைவ்கூட முடியாத காலத்தில் நானும் இப்படித்தான் 31 மீட்டருக்குப் போனேன். இடத்தின் பெயரையும் கூட்டிப்போனவர் பெயரையும் விட்டுவிடுகிறேன், நல்ல மனிதர், இப்போதும் தொழிலில் இருக்கிறார். ஐந்து பேர். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. கீழே ஒரு பெரிய களவா மீன் பாறைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேஜைப் பார்த்தேன், 70. சரி, எழுபது. மறுபடி பார்த்தேன், எழுபது. மூன்றாம் தரம் பார்க்கும்போது 60க்கு வந்திருந்தது. அப்போதுதான் ‘இது குறைவாச்சே’ என்று உறைத்தது. கைடிடம் கேஜைக் காட்டினேன். அவர் கண் பெரிதானதை மாஸ்க்குக்குள் பார்த்தேன். 12 மீட்டர் வாக்கில் அவருடைய ஆக்டோபஸுக்கு மாறி, அதிலேயே ஸ்டாப்பை முடித்து மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார். “சூப்பர்ணே” என்றேன். மற்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். அந்த ‘சூப்பர்ணே’தான் அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். அதைக் கேட்ட கைடு அடுத்த வாரமும் யாரையோ அங்கே கூட்டிப்போயிருப்பார்.

சரி, அன்று நான் மேலே வராமல் போயிருந்தால் யார் பொறுப்பு? கைடுதான் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அதில் தப்பும் இல்லை. அட்டையைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிக் கூட்டிப்போனது அவர். ஆனால் என்னை யாரும் தள்ளிவிடவில்லை. 18 என்று எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் இல்லை என்பதும் தெரியும். வேண்டாம் என்று சொல்லாததற்கு ஒரே காரணம், மற்ற நான்கு பேர் முன்னால் பயந்தவனாகத் தெரியக்கூடாது என்பது. டைவர்கள் இதற்கு ‘ட்ரஸ்ட் மீ டைவ்’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். என்னை நம்பி வா என்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கு அந்த இடம் வீட்டு வாசல்போல. தன் மூச்சின் கணக்கை உங்கள் மூச்சுக்கும் போட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அதோடு ஐந்து பேருக்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஆக்டோபஸ்.

இதை வைத்து ‘எல்லாம் டைவர் பொறுப்பு’ என்று நிறுவனங்களைக் கைகழுவ விடக்கூடாது. பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சில இடங்களில் அப்படித்தான் பேசுவார்கள். பழுதில்லாத உபகரணம், காற்றின் தரம், படகில் ஆக்சிஜன், தலை எண்ணுவது, இதெல்லாம் அவர்கள் வேலை. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவில் போர்ட் டக்ளஸிலிருந்து பவளத்திட்டுக்குப் போன படகு ஒன்று, ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்பியது. தலை எண்ணியதில் பிழை. இருவர் குறைகிறார்கள் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. படகுத்தலைவர் மீது வழக்கு நடந்து அவர் விடுவிக்கப்பட்டார். குவீன்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகள் அதன் பிறகுதான் இறுகின. அந்தத் தம்பதி என்ன கவனமாக இருந்திருந்தாலும் அந்தப் பிழையைத் திருத்தியிருக்க முடியாது.

இன்னொரு வழக்கு உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 2004இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் டைவிங்கில் தன் குழுவைவிட்டு விலகிப்போய், படகுக்குத் தூரத்தில் மேலே வந்தார். படகில் அவர் பெயருக்கு நேரே இருக்கிறார் என்று குறித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். பல மணி நேரம் கழித்து அவ்வழியே வந்த பாய்மரக் கப்பல் ஒன்று அவரைத் தூக்கியது. 2010இல் ஜூரி அவருடைய பாதிப்பை 20 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டு, அவர் பக்கத்துத் தவறுக்காகக் கழித்து 16.8 லட்சம் கொடுக்கச் சொன்னது. நடந்து முடிந்த பிறகு ஜூரி உட்கார்ந்து பொறுப்பைப் பிரிப்பது இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு அந்த விகிதம் பெரிதாக உதவாது. காப்பீட்டுக்காரர்களும் ‘எந்த ஆழம், எந்தச் சான்றிதழ்’ என்று கேட்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாலிசியில் ஆழ வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

விபத்துகள் உண்மையில் எதில் தொடங்குகின்றன என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 மரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். முதல் தூண்டுதல் எது என்று கண்டுபிடிக்க முடிந்த 346 சம்பவங்களில் 41 சதவீதம் காற்றுப் போதாமை. 20 சதவீதம் வலை, கயிறு, இடிபாடு என்று எதிலாவது சிக்கிக்கொண்டது. உபகரணக் கோளாறு 15 சதவீதம்தான். நம் எல்லாருக்கும் பயம் ரெகுலேட்டர் பழுதாகிவிடுமோ என்பதில். ஆட்களைக் கொல்வதோ கேஜைப் பார்க்காததும், பார்த்தும் திரும்பாததும்.

அதே ஆய்வில் இன்னொரு எண்: உடல் பாதிப்பு என்னவென்று தெரிந்தவற்றில் 26 சதவீதம் இதயம் சம்பந்தப்பட்டவை. இதைப் படித்துவிட்டு மருத்துவப் படிவத்துக்கு வாருங்கள். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று மளமளவென்று டிக் அடிக்கிற படிவம் அது. ஆமாம் என்று ஒன்றில் போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும், விடுமுறை வீணாகும், அதனால் ரத்த அழுத்தமும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை, மாத்திரையும் இல்லை. என் கண் முன்னால் ஒருவர் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டே ‘இல்லை’ போட்டார். அங்கே எந்தக் கைடாலும் எதுவும் செய்ய முடியாது. உங்களைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. ஊருக்குக் கிளம்பும் முன்பே படிவத்தை வரவழைத்து, வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் கட்டாயம்.

ஆழத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: நுரையீரலுக்கு ஆபத்து மேலேதான் அதிகம். அழுத்தம் 2 பாரிலிருந்து பாதியாகி, காற்றின் பருமன் இரட்டிப்பாவது 10 மீட்டருக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் எழும்பினாலே நுரையீரல் கிழியலாம். ஆகவே 18க்குள் இருந்தேன், அதனால் பத்திரம் என்பதும் இல்லை. வரம்புக்குள் எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும், கரைந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழிகளாவதால் வரும் டிகம்ப்ரெஷன் நோய் வந்திருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவே பிறவித் துளை முழுதாக மூடாமல் இருக்கும். அது இருந்தால் குமிழிகள் நுரையீரல் வடிகட்டியைத் தாண்டி மறுபக்கம் போகும். அட்டவணைக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று ராத்திரி நீங்கள் எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள் என்பதும் தெரியாது.

மேலே வந்த பிறகு தோள் வலி, கை மரத்தல், நிற்கும்போது தள்ளாட்டம், இப்படி எது வந்தாலும் ‘சிலிண்டர் தூக்கியதால்’ என்று சமாதானம் சொல்லாமல் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆக்சிஜன் கேளுங்கள். இலங்கையின் வடக்கில் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டர் கட்டி நாள் முழுக்க இறங்கி ஏறும் தொழிலாளர்கள் இந்த வலியோடு பல ஆண்டு காலம் தள்ளியிருக்கிறார்கள், சிலருக்குக் கால் போயிருக்கிறது. மறுபடி இறங்கினால் வலி விட்டுவிடும் என்பதும் இப்படிப்பட்ட தொழிலில் உள்ளவர்களிடம் உலகமெங்கும் உள்ள பழக்கம். அதை நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அந்தமானில் இருப்பது போர்ட் பிளேரில், கடற்படை மருத்துவமனையில். ஹேவ்லாக்கிலிருந்து அங்கே போக நடுவில் கடல் இருக்கிறது. ராத்திரியில் ஆளை எப்படிக் கொண்டுபோவார்கள் என்று டைவ் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன்னால் 18 மணி நேரமாவது விடவேண்டும், பல நாள் தொடர்ந்து இறங்கியவர்களுக்கு அதுதான் வழிகாட்டுதல். நான் ஒரு நாள் முழுக்க விடுவேன். மலைப்பாதையும் விமானம்தான்: திருகோணமலையில் டைவ் முடித்த கையோடு 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு வண்டி ஏறுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

30 மீட்டரோடு ஆசை நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து யாராவது மட்டக்களப்புக்கு வா என்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே சுமார் 53 மீட்டரில் கிடக்கிறது. போட்டோ பார்த்தால் எனக்கே கை பரபரக்கும். 53 மீட்டரில் 6.3 பார். மேலே போட்ட கணக்கில் 11 லிட்டர் சிலிண்டர் 17 நிமிடத்தில் வறண்டுவிடும், அதில் திரும்பி வரும் காற்றுக்கு இடமே இல்லை. அங்கே முறையாகப் போகிறவர்கள் இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, டிகம்ப்ரெஷனுக்குத் தனிச் சிலிண்டர் என்று ஆண்டுக்கணக்கில் பயின்று போகிறவர்கள். எகிப்தில் தாஹாப் அருகே நீலக்குழி என்ற இடத்தில் 50 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் ஒரு பாறை வளைவு உண்டு. தெளிந்த தண்ணீர், வெளிச்சம் தெரியும், எட்டிப்பிடித்துவிடலாம் போல இருக்கும். ஒரே சிலிண்டரோடு அதை நோக்கிப் போனவர்கள் பலர். கரைப் பாறையில் அங்கே இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் பதித்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஹேவ்லாக்கில் என்ன செய்வது? போங்கள். பயமுறுத்திக் கரையில் உட்காரவைப்பது என் நோக்கமில்லை. அங்கே 18 மீட்டருக்குள் பார்த்துத் தீராத பவளம் இருக்கிறது. வெளிச்சமும் நிறமும் மேலேதான், 30 மீட்டரில் சிவப்பெல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். முதல் நாள் 12 மீட்டர் வாக்கில் ஒரு டைவ் கேளுங்கள். எவ்வளவு ஈயம் கட்டினால் மிதப்பு சரியாக நிற்கிறது, உங்கள் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை அதில் குறித்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் வேண்டுமென்றால் அங்கேயே அட்வான்ஸ்டு பயிற்சியாக எடுக்கலாம். அதே கைடு, அதே பாறை, ஆனால் நீங்கள் ஒரு மாணவர், அவர் கண் உங்கள் மேல் இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு இறங்குவீர்கள்.

கைடிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் கஷ்டம் என்று நினைக்கிறேன். “அண்ணா, எனக்கு 18 போதும். கேஜ்ல 100 வந்ததும் சொல்வேன், 80ல ஏற ஆரம்பிச்சிடலாம்” என்று படகு கிளம்பும் முன் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். நல்ல கைடுக்கு நிம்மதியாக இருக்கும், கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வருகிறார் என்று. சிரித்துக் கேலி செய்தால் வேறு கடை பாருங்கள். குகை டைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை நிறுத்தலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. உங்கள் நண்பர்களோடு முந்தைய ராத்திரி சாப்பாட்டில் இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். தண்ணீருக்குள் கட்டைவிரலை மேலே காட்டினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகிறோம்’ என்று அர்த்தம். அதற்குப் பதில் அதே கட்டைவிரல்தான்.

கம்ப்யூட்டர் வீண் செலவா என்று கேட்டிருந்தீர்கள். கைடின் கையில் கட்டியிருப்பது அவர் போன ஆழத்தையும் அவர் இருந்த நேரத்தையும்தான் கணக்கிடும். நீங்கள் மீனைப் பார்க்க அவரைவிட 4 மீட்டர் கீழே இறங்கியது அதற்குத் தெரியாது, நேற்று நீங்கள் செய்த இரண்டு டைவும் தெரியாது. வாடகைக்கு எடுப்பதானாலும் பயணம் முழுக்க ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதானால் ஆடம்பரம் வேண்டாம், எழுத்து பெரிதாகத் தெரியும் சாதாரணமான ஒன்று போதும். ஆனால் தண்ணீருக்கடியில் எடுக்கும் கேமராவுக்கு முன்னால் அதை வாங்குங்கள். கேமரா ஐம்பது டைவ் கழித்து.